பித்தளை வில்லைகளும் அப்பா கேட்ட மன்னிப்பும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

கொல்லங்கோட்டில் பிறந்த அப்பா, இளவயதிலேயே தம்பியையும் அழைத்துக்கொண்டு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து, மிளகுக் கிடங்குகளுக்கு எதிரே சாயாக்கடை வைத்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சில்லறை அடியோடு மறைந்துபோனது. மீதி கொடுக்க வழியில்லாமல், அப்பா ஒரு பட்டறையில் இருநூறு பித்தளை வில்லைகள் அடிக்கச் செய்தார். ஒரு வில்லைக்கு ஒரு சாயா. அப்பாவின் வாக்கை நம்பிக் காய்கறிக்காரியும் படகுக்காரரும்கூட அதைக் காசாகவே வாங்கிக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் மலரும்.

சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்து வில்லைகளைத் திரும்பப் பெற்றபோது முந்நூறுக்கு மேல் வந்தன. அத்தனைக்கும் அப்பா காசு கொடுத்தார். ஆனால் பட்டறையிலிருந்து அவற்றை வாங்கிவந்தவர் சித்தப்பா. கூடுதலாக அடிக்கச் செய்து திருடினார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. அவர் அன்றே கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். முப்பது ஆண்டுகள் பேச்சில்லை.

எழுபதுகளில் ஒரு காலை, மகனுடன் ஏலூரில் வசித்த அந்தப் பட்டறைக்காரர் பல வருடம் கழித்துக் கடைக்கு வந்தார். "தம்பியைக் காணலையே, முதலாளி?" என்றார். அப்பா காரணத்தைச் சொன்னார். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கூடுதல் அடிச்சது நானாக்கும். அப்ப வீட்ல பட்டினி. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பா அவரைக் கோபிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சுடுடா" என்றார்.

"நான் திருடலேன்னு நீ சொல்லிட்டே. அம்மா அதைக் கேக்காமலே போயிட்டாளே, அண்ணா" என்றார் சித்தப்பா.

அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வருடம் அவர்களுடைய அம்மாவின் திதிக்கு உறவினர் எல்லோரும் கூடினார்கள். இலை போடுமுன் அப்பா எழுந்து நின்றார். "என் தம்பி திருடன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னது நான். அது பொய்" என்றார். சித்தப்பா குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் சாப்பிட அப்பாவின் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்.

பின்னாளில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது, ஒரு பையுடன் வந்து நான்கு மாதம் உடனிருந்தவரும் அவரே. குளிப்பாட்டினார், முகம் மழித்துவிட்டார். "மலர் போட்டா இதையும் எழுதுடா. மறைக்காதே" என்று அப்பா குழறிச் சொன்னார். எழுதிவிட்டேன்.

வீடு தேடிவந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய சுள்ளிக்கல் பகுதியில் எங்கள் அண்டை வீட்டாருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த கிடங்குத் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவையும் இங்கே சேர்த்திருந்தேன். அச்சுக்குப் போகுமுன் அவர் வாங்கிப் படித்தார். அந்த வரியைப் பென்சிலால் அடித்தார்.

"அண்ணனைப் பார்த்துக்கிட்டதுக்கு எனக்கு நன்றியா? எடுத்துடு."