கொள்ளின் முதல் தண்ணீர்

2019 ஜனவரி 23, புதன்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து மோட்டாரைப் போட்டேன். திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக் கொட்டகையைக் கூட்டினேன். குதிரைத் தொட்டியில் முந்தின நாள் மாலை வைத்த தீவனம் அப்படியே கிடந்தது. அதை வாளியில் அள்ளிப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

அது அப்பாவின் பெண்குதிரை. ஒரு காலத்தில் கம்பம் பக்கம் எந்த ஊரில் வண்டிப் பந்தயம் என்றாலும் அதைப் பூட்டிக்கொண்டு போவார். வயதாகிப் பல் தேய்ந்ததில், அவித்துப் போட்ட கொள்ளு அரைபடாமல் லத்தியில் முழுசாக வந்தது. பொங்கலுக்குள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. "இத இப்படி எலும்பாப் பாக்க என்னால ஆகாதுலே" என்று அப்பா, கூடலூரில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரைச் சவாரி விடும் ஒருவரிடம் சும்மாவே தருவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் வருவதாகப் பேச்சு. இந்த வயதில் அது ஆளைச் சுமந்து மேடேற வேண்டியிருக்கும். எனக்கு மனசே ஆறவில்லை. அதற்குள் அது நன்றாகத் தின்ன ஆரம்பித்தால் அப்பா மனசு மாறலாம் என்று நினைத்தேன்.

கால்நடை மருத்துவர், கொள்ளை நிறுத்திவிட்டுக் கொழுப்புச் சத்து கூடின பெல்லட் என்கிற குச்சித் தீவனத்தை ஊறவைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பழனிசெட்டிபட்டித் தீவனக் கடைக்குப் போனோம். நகரத்துச் சவாரிக் குதிரைகளுக்கென்று வருகிற மூட்டை மாதாமாதம் வாங்கக் கட்டுப்படியாகாது. மாட்டுக்கான பெல்லட் மலிவுதான். ஆனால் அதில் யூரியா கலந்திருக்கலாம், குதிரைக்கு ஆகாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மிச்சமிருந்தது சின்ன மில் ஒன்றில் தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் எண்ணெயும் சேர்த்துக் குதிரைக்கென்றே செய்தது. நான் மூட்டையில் அச்சடித்திருந்ததை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டு பெல்லட்டை நொறுக்கி, செய்தித்தாளில் வைத்து அழுத்தி, கறை பரவுகிறதா என்று பார்த்தாள்.

"என்னக்கா, வடையா வாங்குறீக?" என்றார் கடைக்காரர்.

"வடைன்னா எண்ணெய் வடியக் கூடாதும்பேன். இதுல வடியணும்ல!"

தாளில் நல்ல கறை. அதையே வாங்கினோம்.

அன்று மாலையிலிருந்து குதிரை அதைத் தொடவில்லை. மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புல்லை மட்டும் கொறிக்கும். புதன்கிழமை மத்தியானம் அப்பாவும் தட்டைத் தள்ளிவிட்டார்.

"ரசம் எங்கன ஆத்தா?"

"கொள்ளு அவிச்சாத்தான மாமா ரசம்? அதத்தான் குதிரைக்கு நிறுத்தியாச்சே."

எங்கள் வீட்டில் குதிரைக்கு அவிக்கிற கொள்ளின் தண்ணீரை வடித்துத்தான் எப்போதும் ரசம் வைப்போம்.

"நாலு நாளா நாக்கே செத்துப்போச்சு" என்றார் அப்பா.

"கொட்டகையில ஒண்ணு மூஞ்சியத் திருப்புது, இங்கன ஒண்ணு திருப்புது. ரெண்டுக்கும் ஒரே நோவு மாமா" என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கொள்ளுப் பானையை எடுத்தாள்.

கொள்ளு வெந்ததும் தண்ணீரை வடித்து, வெதுவெதுப்பாகப் பெல்லட்டின்மேல் ஊற்றினோம். அது ஊறி உப்பிக் கூழானது. ஆவி பறந்த வாளியைக் கொட்டகைக்குள் கொண்டுபோகும்போதே குதிரையின் காதுகள் முன்னால் நிமிர்ந்தன. மூக்கு முங்க வாயை வைத்தது. வாளியைத் தரையில் தள்ளித் தள்ளி நக்கியது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு அது தின்று முடிக்கும்வரை நின்றார்.

"ரசத்துக்கு எடுத்து வைக்கல மாமா" என்றாள் மனைவி.

"முதத் தண்ணி அதுக்கே போகட்டும். ரெண்டாந் தண்ணி எனக்குப் போதும்."

அதன்பிறகு இரண்டு பொங்கலுக்கு அது எங்களோடு இருந்தது. இப்போது கொட்டகையில் மருந்தடிக்கும் மிஷினும் என் பைக்கும் நிற்கின்றன. அடுப்பில் கொள்ளு கொதிக்கும் வாசனை வந்தால் இன்றும் என் கண் அந்தப் பக்கம்தான் போகிறது.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அடுப்பில் கொள்ளு ஏறியிருந்தது. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கூடலூர்க்காரரிடம் வர வேண்டாம் என்று போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.