கதவு ரப்பரில் கேட்ட கீச்சு

எங்கள் கார் பட்டறை மேற்பார்வையாளருக்குப் பாம்புக்காதர் என்று பட்டப்பேர். வண்டியில் ஏறி ஒரு வேகத்தடையைத் தாண்டினால் போதும், எந்தக் கதவின் எந்த மூலை கத்துகிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமை மனிதரின் தலைக்கு ஏறியிருந்தது.

காய்ந்த ரப்பர் கதவுச் சட்டத்தில் உரசினால் கீச்சென்று கத்தும். அதைத் துடைத்து, ஈரம் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவர் எங்கள் ரப்பர்க்காரம்மா. யாரிடமும் ஒரு பேச்சு வாங்காதவர்.

அன்று ஒரு டாக்டரம்மாவின் கார் வந்தது. ரப்பர்க்காரம்மா தடவி முடித்ததும் பாம்புக்காதர் ஓட்டிப் பார்த்தார். கீச். திரும்பத் தடவச் சொன்னார். மறுபடியும் கீச். எந்தக் கதவு என்று அவருக்கே பிடிபடவில்லை. அதை ஒப்புக்கொண்டால் கௌரவம் என்னாவது?

பின்சீட்டிலிருந்த டாக்டரம்மா, "இப்ப எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

"உங்களுக்குக் கேக்காதுங்க. எனக்குக் கேக்கும்."

இறங்கியதும் எல்லார் முன்னாலும் ரப்பர்க்காரம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ரப்பர் தடவத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த வேலை?"

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே பாம்புக்காதர் அவரை வண்டி கழுவும் இடத்துக்குத் தள்ளிவிட்டார்.

அடுத்தடுத்து வந்த கார்களிலும் அதே கீச்சு. புது ரப்பர் போட்டதிலும் கீச்சு! ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவரிடம் மனைவிதான் சொன்னார்: "ஏங்க, அந்தப் புது பெல்ட்டக் கழட்டிட்டு உக்காருங்களேன். அசையும்போதெல்லாம் கீச்சு கீச்சுன்னு உயிர வாங்குது."

சாப்பாட்டை விட்டு எழுந்து, பெல்ட்டைக் கழற்றிக் காதருகே வளைத்து வளைத்துப் பார்த்ததாக அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

காலையில் பெல்ட் இல்லாமல் வந்து ஒரு காரை ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. வெட்கத்தில் கூனிக்குறுகி, தனியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று கழுவும் இடத்துக்கு நடந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா பதறிப்போய்க் கேட்டார்.

"சார், இன்னும் கத்துதா சார்? பழைய ரப்பர வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் தினமும் தடவிப் பழகுறேன் சார். இன்னொரு தடவை விட்டுப் பாருங்க."

தனியாகச் சொல்லும் எண்ணம் அதோடு போயிற்று. "எல்லாரும் இங்க வாங்கப்பா" என்று கூப்பிட்டார்.

"கத்தினது என் பெல்ட்டு. இந்த அம்மா வேலையில ஒரு குறையும் இல்ல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மட்டும் இன்னும் நம்பாமல், ஈரம் சொட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.