செங்கல் ஹீற்றர்

வீடு சூடாக இருந்தால் அவர் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம். சோசல் வேர்க்கர் பெண் அப்படித்தான் சொன்னாள். என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு சொன்னது.

அவள் நல்ல பெண். வெருட்டவில்லை. இருக்கிற அறைச் சுவரில் சின்னதாக ஒரு வெப்பமானியை ஒட்டினாள். இந்தக் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று விரலால் காட்டினாள். அவருக்கு நெஞ்சும் பலமில்லை. குளிர் பிடித்தால் சளி கட்டும். சளி கட்டினால் ஆஸ்பத்திரி. அப்படிப் போய் வந்தும் இருக்கிறார்.

எங்கள் வீடு பிரெஞ்சு கதைக்கிற இந்த நகரத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், நில மட்டத்தில். பழைய கட்டடம். சுவரடியில் நீட்டு நீட்டாகக் கரண்ட் ஹீற்றர்கள். யன்னலடியில் கை வைத்தால் காற்று தெரியும். நாங்கள் போடுகிற சூட்டில் பாதி வீதிக்குப் போகிறது. நான் புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி கட்டுகிறேன். மாரி வந்தால் சம்பளம் கரண்டுக்குத்தான்.

கோயிலில் பழக்கமான தம்பி ஒருவர் எலெக்ட்ரீசியன். அவர்தான் செங்கல் ஹீற்றரைப் பற்றிச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து என் கணவருக்கு விளங்கப்படுத்தினார்.

"அண்ணை, இது ஒரு இரும்புப் பெட்டி. உள்ளுக்கை முழுக்கச் செங்கல். இரவிலை கரண்ட் இந்தக் கல்லைக் காய்ச்சி வைக்கும். பேந்து கரண்ட் இழுக்காமல் அந்தச் சூட்டை விடும்."

"செங்கல்லோ?"

"ஓம் அண்ணை. நல்ல பாரம்."

இவர் ஊரிலும் மேசன். இங்கேயும் மேசன்.

"வாழ்க்கை முழுக்கச் செங்கல் அடுக்கினவன் நான். இப்ப அதை வீட்டுக்குள்ளை வைச்சு, அதுக்குக் கரண்டும் குடுக்கச் சொல்லுறீர்."

"நீங்கள் அடுக்கினது சும்மா நிக்கும். இது சுடும்."

"சாந்து பூசியிருக்கோ?"

"இல்லை அண்ணை. சும்மா அடுக்கினதுதான்."

"அப்ப ஆரோ அரைகுறை மேசன்."

சிரித்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருடைய சிரிப்பு ஒரு பக்கம்தான் போகும். அந்த ஒரு பக்கத்தைக் கண்டும் கனகாலம்.

ஹீற்றரை மட்டும் மாற்றினால் காணாது, கட்டணத்தையும் மாற்றவேணும் என்றார் தம்பி. புதுக் கட்டணத்தில் மாரி முழுக்கக் கரண்ட் மலிவு. ஆனால் கடுங்குளிர் நாட்களில், காலமையும் பின்னேரமும், எல்லாரும் ஒரேயடியாகக் கரண்ட் இழுக்கிற சில மணித்தியாலம் இருக்கிறது. அந்த நேரம் மட்டும் நெருப்பு விலை.

"அந்த நேரம் நாங்கள் விறைக்கிறதோ?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குத்தான் அக்கா கல்லு. முதல் நாளே கரண்ட் கொம்பனியிலை இருந்து போனுக்கு மெசேஜ் வரும். அண்டு இரவு பெட்டியிலை இருக்கிற பிடியைக் கடைசி மட்டும் திருப்பிவிடுங்கோ. கல்லு நல்லாய்க் காயும். அடுத்த நாள் அந்த நேரத்திலை மற்ற ஹீற்றர் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. இதுக்குள்ளை ஒரு சின்னக் காத்தாடி இருக்கு, அது மட்டும் ஓடட்டும்."

"மெசேஜ் வராட்டில்?"

"வராட்டில் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

நான் ஓம் என்றேன். இவரை வீட்டில் வைத்திருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பழசாக ஒன்று கிடைத்தது. அதைத் தூக்கி வைக்க ஆட்கள் பிடிக்கவேண்டி வந்தது. இவருடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்தோம். கட்டணமும் மாற்றியாயிற்று. தம்பிதான் என் போனில் எல்லாம் அமத்திக் கொடுத்தார்.

முதல் கடுங்குளிரோடு என் போனுக்கு மெசேஜ் வந்தது. பிரெஞ்சில். எனக்குத் தெரிந்தது வணக்கத்துக்குப் பொன்ஜூர், நன்றிக்கு மெர்சி. அதோடு சரி. இவருக்கு வேலைத்தளத்துப் பிரெஞ்சு தெரியும். சீமெந்து, ஏணி, கெதியாய், நாளைக்கு வா. போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டினார்.

"நாளைக்கு... புவாண்ட்... புவாண்டிலை ஏதோவாம்." யோசித்தார். "இது உம்மடை வேலையிடம். புவாண்ட் பக்கத்துக்குத்தான் நாளைக்கு விலை கூட. எங்களுக்கில்லை."

வேர்ஹவுஸில் எங்கள் ஆட்கள் அந்த ஊரைப் புவாண்ட் என்றுதான் சொல்வோம். கிளேரைச் சேர்த்துச் சொல்ல ஆருக்கு நேரம்.

"அப்ப ஏன் எனக்கு அனுப்பினவங்கள்?"

"பகல் முழுக்க நீர் அங்கைதானே நிக்கிறீர். அவங்களுக்குத் தெரியாதோ?"

சரியென்றுதான் பட்டது. அடுத்த நாள் ஸ்வெற்றருக்கு மேல் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு போனேன். என்னோடு பெட்டி கட்டுகிற பிள்ளை பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா, வடதுருவத்துக்கோ?"

"இண்டைக்குப் புவாண்டிலை ஹீற்றரைக் குறைப்பாங்களாம். கரண்ட் கொம்பனியிலை இருந்து மெசேஜ் வந்தது."

அவள் போய் ஜாக்கெற்றை எடுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். வேலை முடியும்வரை எல்லாரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றோம். ஹீற்றரை ஒருவரும் குறைக்கவில்லை.

பிறகும் மெசேஜ்கள் வந்தன. "பாவம் புவாண்ட்காரர்" என்பார் இவர். எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் வரவில்லையே என்று சந்தோசம். பிடியைத் திருப்பவில்லை. எந்த நேரமும் எல்லா ஹீற்றரும் ஓடின. வீடு நல்ல சூடு. இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இருந்தார். சோசல் வேர்க்கர் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் கிழமைகள் நல்லாய் இருந்தன.

பிறகு பில் வந்தது. பழைய கட்டணத்தில்கூட அப்படி வந்ததில்லை.

மகள் ரொறொன்ரோவில் இருக்கிறாள். படித்தது எல்லாம் இங்கே, பிரெஞ்சில். போனில் அவளுக்கு மெசேஜைக் காட்டினோம். பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, இது ஊர் இல்லை. புவாண்ட் எண்டா உச்சி. எல்லாரும் கூடக் கரண்ட் பாவிக்கிற நேரம். உங்களுக்கு வந்த மெசேஜ்தான்."

"அப்ப புவாண்ட்-கிளேர்?"

"அது வேறை அப்பா. தண்ணிக்குள்ளை கூராய் நீட்டிக்கொண்டு நிக்கிற நிலம்."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லோ?"

"ஒரே சொல்லுத்தான்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

கட்டணத்தைப் பழையபடி மாற்றுவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இனிப் பிழை விடமாட்டன் என்றார்.

அதன் பிறகு மெசேஜ் வந்தால் போனை என்னிடம் இருந்து வாங்கித் தானே பார்ப்பார். இரவில் பிடியைத் தானே திருப்புவார். நான் செய்கிறன் என்றால் விடமாட்டார். அடுத்த நாள் நான் வேலைக்குப் போன பிறகு, பொல்லை ஊன்றிக்கொண்டு அறை அறையாகப் போய் ஹீற்றர்களை நிப்பாட்டுவார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தம்பி சொன்னபடிதான் நடக்கிறது என்று நினைத்தேன். நான் வேலை முடிந்து வர இரவாகும். அந்த நேரம் வீடு திரும்பச் சூடாக இருக்கும்.

அப்படியான ஒரு நாள் பின்னேரம் வேர்ஹவுஸுக்குப் போன் வந்தது. சோசல் வேர்க்கர். வெளியே குளிர் மோசமாக இருந்ததால் ஒருக்கால் எட்டிப் பார்ப்போம் என்று போயிருக்கிறாள். மணி அடித்தும் கதவு திறபடவில்லை. நாங்கள் கொடுத்து வைத்த திறப்பு அவளிடம் இருந்தது.

வீடு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடந்ததாம். இவர் செங்கல் ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரையில். ஜாக்கெற்றும் அதற்கு மேல் போர்வையும். சொண்டு நீலம் பாய்ந்து, கதைக்க ஏலாமல் இருந்தாராம். அவள்தான் அம்புலன்சுக்கு அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. வைத்தியம் நடக்கிறது, நாளைக்கு வா என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். எனக்கு விளங்கவில்லை. கல்லுச் சூடு எங்கே போனது? தம்பிக்குப் போன் பண்ணினேன். உடனே வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"அக்கா, கல்லு நல்லாய்க் காஞ்சுதான் கிடக்கு. காத்தாடியை நிப்பாட்டியிருக்கிறார்."

"காத்தாடியையோ? ஏன்?"

"அதுவும் கரண்டிலைதானே ஓடுது. அந்த நேரம் அதுவும் காசெண்டு நினைச்சிருப்பார்."

"அது எவ்வளவு இழுக்கும்?"

"ஒரு சின்ன லைற் அளவுதான் அக்கா. அதை நிப்பாட்டினால் சூடு உள்ளுக்கையே நிண்டிடும். வெளியிலை வராது."

தம்பி காத்தாடியைப் போட்டார். சூடு குப்பென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வெப்பமானி கோட்டைத் தாண்டிப் போனது. தம்பி போன பிறகு வீட்டில் நான் மட்டும் நின்றேன். அந்தச் சூட்டில் நிற்க ஏலாமல் யன்னலைத் திறந்துவிட்டேன்.

அடுத்த நாள் இவரைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய்.

"காத்தாடியை ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"சொன்னா நீர் போடச் சொல்லுவீர்."

"ஒவ்வொரு முறையும் நிப்பாட்டினனீங்களோ?"

ஓம் என்று தலையை ஆட்டினார். "நீர் வர முதல் எல்லாத்தையும் போட்டிடுவன். இந்த முறை எழும்ப ஏலாமல் போச்சு."

வலது கையால் மூக்குக் குழாயைச் சரிசெய்தார்.

"அந்தப் புவாண்ட் எண்ட சொல்லு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்," என்றார். "அவ்வளவு காலம் அவங்களோடை வேலை செய்தனான்."

விடுங்கோ என்றேன்.

அவர் திரும்பி வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நேரே பராமரிப்பு இல்லம். சோசல் வேர்க்கர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இனி அவரைத் தனிய விடமுடியாது, ஒவ்வொரு நாளும் ஒருவர் கூட இருக்கவேணும் என்றாள். நான் வேலைக்குப் போகாவிட்டால் கூட இருக்கலாம். வேலைக்குப் போகாவிட்டால் வீடு இல்லை. அவளோடு வழக்காடப் போகவில்லை. அவள் சொன்னது சரி.

அங்கே நல்ல சூடு. கூடிப்போச்சு என்று தாதிமார் யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர் பிரெஞ்சில் கதைத்தபடி இருக்கிறார். இவர் பதில் சொல்வதில்லை. தெரிந்த சொல்லையும் சொல்வதில்லை. தாதி தண்ணீர் வேணுமா என்று கேட்டால் என்னைப் பார்க்கிறார். நான் இல்லாத நேரம் என்ன செய்கிறாரோ தெரியாது.

வேலை முடிய பஸ் மாறி மாறிப் போய்ப் பார்க்கிறேன். சோறு கொண்டு போனால் ரெண்டு வாய் சாப்பிடுகிறார்.

"வீட்டை எப்ப?" என்று கேட்கிறார்.

"பனி போகட்டும்" என்கிறேன்.

பனி போனாலும் அந்தக் கட்டில்தான். இல்லத்துப் பத்திரத்தில் நான் கையெழுத்து வைத்தாயிற்று. அவருக்கு அது தெரியாது. மகள் வந்து சொல்லட்டும் என்று நான் இருக்கிறேன். நான் சொல்லிவிட்டேன் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.