மகளுக்குக் கொண்டுவந்த மண்

முதல் பிரசவத்துக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஏழாம் மாதத்தில். வளைகாப்பு வளையல்கள் குலுங்க, வந்த மறுநாளே என் பின்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்ப்பா, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்கல்ல?”

“கேளு கண்ணு.”

“நம்ம வயக்காட்டு மண்ணு வேணும். தண்ணி தெளிச்சா வாசம் வருமே, அது. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க.”

சிரித்துவிட்டேன். இவளைச் சுமந்தபோது இவள் அம்மாவும் சுவரைச் சுரண்டித் தின்றவள்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் பக்கம். நம்பினேனா, தெரியாது. மகள் கேட்டாள். அது போதும்.

வாளையார் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வயல். நல்ல மண்ணாகத் தேடினேன். கிழக்கு வரப்பில்தான் கறுப்பாக, கல் கலக்காமல் கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிகளை உருக்கிய கொட்டகை. மூடிச் சில வருஷம் ஆகிறது. அதன் புகையில் கருகிய தென்னைகள்கூட மறுபடி குருத்துவிட்டுவிட்டன. எத்தனை மழை பெய்தது, கழுவிப் போயிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவேயில்லை.

தினமும் ஒரு கட்டி, துண்டில் முடிந்து. நெறநெறவென்று கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

“மாப்பிள்ளை பாத்தா என்ன சொல்லுவாரு?”

“அவருக்கு லட்டு வாங்கத்தானுங்ப்பா தெரியும்.”

அடுத்த பரிசோதனையில் ரத்தம் குறைவு என்றார்கள். பாலக்காட்டு டாக்டரம்மா, “மண்ணு தின்னுவோ, மோளே? திட்ட மாட்டேன், சொல்லு” என்றார். மகள் இல்லையென்று தலையசைத்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தது.

“நான்தானுங்க கொண்டாந்து குடுத்தேன்” என்றேன். எங்கிருந்து என்று கேட்டார். கொட்டகையைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சோதித்ததில் ரத்தத்தில் ஈயம் இருந்தது. தாயிடமிருந்து அது பிள்ளைக்கும் போகுமாம். வளர்கிற மூளைக்கு ஆகாதாம். மண்ணை அன்றே நிறுத்த வேண்டும். இரும்பு மாத்திரை, கால்சியம், பால். மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை.

திரும்பும்போது ஆட்டோவில் மகள் என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

“உதைக்குது பாருங்ப்பா. உங்களைத்தான்.”

“உதைக்கட்டும் கண்ணு. நல்லா உதைக்கட்டும்.”

ஆசை சொன்னால் நிற்குமா? புதுப் பானை ஒன்று வாங்கிவந்து, தண்ணீர் தெளித்து அவள் மூக்கருகே பிடிப்பேன். மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். கடித்துவிடுவாளோ என்று பானையை அவள் கையில் கொடுக்கவே மாட்டேன்.

பேத்தி இப்போது தவழ்கிறாள். அவள் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. குறைந்துவருகிறது, முழுக்கப் போகவில்லை. அடுத்த மாதம் அந்தச் சின்னக் கையில் மறுபடி ஊசி குத்த வேண்டும். வயலிலிருந்து வந்ததும் நகக்கண்வரை சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் அவளைத் தூக்குகிறேன். அவள் என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறாள். மெல்ல விடுவித்துக்கொண்டு, திரும்பவும் போய்க் கழுவிவிட்டு வருகிறேன்.