நான்காவது லாடம்

என் மச்சான் வீட்டு வாசல் நிலையில் ஒரு குதிரை லாடம் அடித்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார்கள். அதன் ஓட்டைகளில் ஒன்றில் மட்டும் குளம்பில் அடித்த பழைய ஆணி ஒன்று வளைந்து சிக்கிக்கொண்டிருந்தது. உயரம் குறைந்த வாசல் அது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும். நானும் குனிவேன். ஆனால் அதை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அந்த லாடம் யார் கையால் அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேச வராது. சிதம்பரத்திலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகும் வழியில் உள்ள ஓர் ஊரில், குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தேன். மச்சான் டிராக்டர் ஓட்டுவார், நான் பின்னால் நின்று அள்ளிப் போடுவேன். நாய், மாடு எது செத்தாலும் எங்களுக்குத்தான் போன் வரும். செத்ததைத் தொடுவதில் எனக்கு அருவருப்பு இருந்ததில்லை. அதைக் கொண்டுபோகும் விதம்தான் எனக்குப் பிடிக்காது. பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துச் சுருக்குப் போட்டு, டிராக்டர் கொக்கியில் மாட்டி இழுப்போம். தலை தார் ரோட்டில் தட்டிக்கொண்டே வரும். தோல் உரியும். உப்பங்கழி ஓரத்துக் குப்பைமேட்டில் அவிழ்த்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம். மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் அந்த வேலையைப் பல வருடம் செய்தேன்.

அந்த ஊரில் குதிரைக்கார மாமா என்று ஒருவர் இருந்தார். எனக்கு உறவில்லை, ஊருக்கே அவர் மாமா. வாய்க்கால் ஓரம் ஒரு கொட்டகை, அதில் அவரும் ஒரு வெள்ளைப் பெண் குதிரையும். சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அந்தக் குதிரைதான். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதமில்லாமல் எல்லா மாப்பிள்ளைகளும் அதன் முதுகில் ஏறி இறங்கியவர்கள். அதற்கு முன் அவரிடம் ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. அது ஒரு மழைக்காலத்தில் செத்தது. கொட்டகைக்குப் பின்னாலேயே புதைத்தார். எங்கள் பக்கம் இடுப்பளவு தோண்டினால் உப்புத்தண்ணீர் வந்துவிடும். நாலாம் நாள் அது ஊதி மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. விடிந்தபோது நாய்கள் வந்திருந்தன. மாமா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே கல்யாணப் பந்தல் பிரித்தாலும், உடைந்து கழித்த சவுக்குக் கால்களைப் பொறுக்கி வந்து கொட்டகையில் அடுக்க ஆரம்பித்தார்.

“என்னா மாமா, அரமன கட்டப் போறீங்களா?” என்று டீக்கடையில் சீண்டுவார்கள்.

“எம் பொண்ணுக்குடா. சீரு சேக்கறேன்” என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாண வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பந்தி முடிந்ததும் இலையில் மிஞ்சிய கேசரி, வடை, சோறு எல்லாவற்றையும் கேரி பேக்கில் வழித்துக் கட்டி, குதிரைக்குப் போட்டால் புண்ணியம் என்று அதன் முன்னால் வைப்பார்கள். மாமா அதற்காகச் சண்டை போடாத மண்டபம் இல்லை. ஒரு கல்யாணத்தில் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் யாரோ புண்ணியம் தேடிக்கொண்டார்கள். குதிரை பையோடு சேர்த்துத் தின்றது. வயிறு தவில் மாதிரி உப்பி, புரண்டு புரண்டு, மறுநாள் காலை மாட்டு டாக்டர் வருவதற்குள் மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலைக் குவியலின் பக்கத்திலேயே செத்துப்போனது.

மண்டப மேனேஜர் போன் செய்தார். நாங்கள் போனபோது மூக்கில் கைக்குட்டையோடு நின்றார். “அடுத்த கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரம். சீக்கிரம் இழுங்கப்பா, நாறுது” என்றார். நாற்றம் இலைக் குவியலில் இருந்துதான் வந்தது. சுற்றிலும் கூட்டம், ஒரு கையில் போன், ஒரு கையில் கைக்குட்டை. அதில் ஐந்தாறு பேராவது அந்தக் குதிரை மேல் மாலையோடு உட்கார்ந்து போனவர்கள்.

நான் வழக்கம்போலப் பின்னங்கால்களில் கயிற்றைப் போட்டேன். குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இழுக்காதடா தம்பி. தெருத்தெருவா தலய நிமித்தி நடந்தவ அவ. சவுக்குத் தோப்புக்குக் கொண்டாந்துடு, எரிச்சிக்கிறேன். வெறகு இருக்குது” என்றார். பந்தல் கால்கள் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கயிற்றை அவிழ்த்தேன். அன்று நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

பிறகு மாமா பையிலிருந்து குறடை எடுத்து, குளம்பைத் தன் மடியில் தூக்கி வைத்து, லாடங்களைக் கழற்றத் தொடங்கினார். “செருப்போட அனுப்பக் கூடாது. நாம போறப்ப போட்டுக்கிட்டா போறோம்?” என்றார். முதல் லாடம் வெளியே வந்ததும் மூக்குகளிலிருந்து கைக்குட்டைகள் இறங்கின.

“மாமா, எனக்கு ஒண்ணு. கடை வாசலுக்கு. யாவாரமே இல்ல மாமா.”

“எனக்குச் சொல்லி வெச்சிருந்தீங்களே மாமா, மறந்துட்டீங்களா?”

மேனேஜர் கையையே நீட்டிவிட்டார். “எடம் குடுத்தவன் நான். மொத ஒண்ணு எனக்குத்தான்.”

“செத்தவ நாறுறா, அவ செருப்பு மட்டும் மணக்குதா?” என்றார் மாமா. நாலு லாடத்தையும் கழற்றித் தன் துண்டில் முடிந்தார். சாம்பலோடு சேர்த்து உப்பங்கழியில் போடப் போவதாகச் சொன்னார். கூட்டம் கலையவில்லை. கடைசியில் மனம் மாறித் தருவார் என்ற நப்பாசை.

மச்சான் என்னை டிராக்டர் சக்கரத்துக்குப் பின்னால் கூப்பிட்டார். “குப்பமேட்டுக்குத்தான் நமக்கு ஆர்டர். வண்டி தோப்புக்குத் திரும்பணும்னா ஒரு லாடம் வரணும் மாப்ள. எனக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்குதுல்ல?”

மாமாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மச்சானிடம் முடியாது என்று சொல்லவும் வரவில்லை. மாமா ஊர்வலச் சரிகைத் துணியைக் குதிரைமேல் போர்த்திக்கொண்டிருந்தார். துண்டு முடிச்சு தரையில் கிடந்தது. நான் குனிந்தேன். ஒன்றை உருவினேன். மச்சான் அதை லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். லாட ஆசையில் நின்றவர்களில் எட்டுப் பேர் கை கொடுக்க, தார்ப்பாயில் உருட்டி டிரெய்லரில் ஏற்றினோம். அன்பினால் அங்கே கை வைத்தவர் மாமா ஒருவர்தான்.

தோப்பில் சவுக்கு வெட்டி எடுத்த வெற்றிடத்தில், உப்பங்கழியைப் பார்த்து, கொட்டகையிலிருந்து கொண்டுவந்த பந்தல் கால்களை அடுக்கினோம். சிலவற்றில் கலர் காகிதமும் தாம்புக் கயிறும் இன்னும் ஒட்டியிருந்தன. நாய்கள் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தன, கிட்டே வரவில்லை. மறுநாள் காலை எல்லாம் எரிந்து அடங்கிய பிறகு மாமா துண்டை அவிழ்த்தார். மூன்று இருந்தன. மறுபடி எண்ணினார். என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலாம். அவர் ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறத் தொடங்கினார். “ஒண்ணக் கால்லயே விட்டுட்டனா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நான் பக்கத்து வீட்டில் சல்லடை வாங்கி வந்து அவரோடு உட்கார்ந்து சாம்பலைச் சலித்தேன். இல்லை என்று தெரிந்தே சலித்தேன். எத்தனையோ அழுகியதை அள்ளிய கை இது. அன்றைக்கு நாறியதுபோல் என்றும் நாறியதில்லை.

மாமா அந்த மூன்றையும் உப்பங்கழியில் போட்டார். வேறு குதிரை வாங்கவில்லை. டீக்கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “நீ கூடத்தான இருந்த? நாலும் கழட்டுனனா?”

“கவனிக்கல மாமா.”

“மூணு காலு வெறுங்காலு, ஒண்ணுல செருப்பு. நொண்டிக்கிட்டுல்லடா போயிருப்பா.”

சாகும்வரை அதையே கேட்டார். சாகும்வரை நான் அதையே சொன்னேன்.

போன மாதம் மச்சான் பழைய வீட்டை இடித்தார். புது வீட்டு வாசலுக்கு லாடம் பொருந்தவில்லையாம். என் கையில் கொடுத்தார். “நீ வெச்சுக்க மாப்ள. அதால எனக்கு ஒண்ணும் ஜாஸ்தியா வந்துடல.” சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போனேன். குப்பைமேடு அதுவரைக்கும் வளர்ந்து வந்திருந்தது. கோழிக் கழிவு, எச்சில் இலை, கேரி பேக். குதிரை எரிந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறக்குறைய அங்கேதான் ஒரு கன்றுக்குட்டி கிடந்தது, பின்னங்கால்களில் கயிற்றோடு. யாரோ வேறொருவன் கட்டிய சுருக்கு, நான் போட்டுவந்த அதே சுருக்கு.

அந்தக் கயிற்றை முதலில் அவிழ்த்தேன். பிறகு, கொண்டுபோயிருந்த குறடால் லாடத்தில் வளைந்து கிடந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, லாடத்தை உப்பங்கழியில் எறிந்தேன். “நாலும் கழட்டிட்டீங்க மாமா” என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க ஆள் இல்லாத இடம் என்பதால்தான் அதையும் சொல்ல முடிந்தது.