கண்டக்டர் வீட்டுப் பப்பாளி

மரியஜோசப் மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். எண்பத்து நாலில் தன் வீட்டுக்குப் பின்னால் மூன்று பப்பாளிக் கன்றுகள் வைத்தார். மறு வருஷம் ஒரு மரம் மட்டும் முழ நீளத்துக்குப் பூச்சரங்களைத் தொங்கவிட்டது. மற்ற இரண்டிலும் தண்டை ஒட்டி ஒன்றிரண்டு மொட்டுகள்தான். சரம் விட்ட மரத்தைப் பற்றி டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் பெருமை பேசினார். காய் மட்டும் பிடிக்கவில்லை.

தினமும் அந்த பஸ்ஸில் எஸ்டேட் வேலைக்கு வரும் சென்னம்மாள் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க கண்டக்டரே, சரஞ்சரமாத் தொங்குனா அது ஆண் மரமுங்க. அது எங்க காய்க்கப் போவுது?"

பஸ்ஸே சிரித்தது. மறுநாள் விடிந்ததும் மரியஜோசப் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தார்.

அதன்பிறகு மற்ற இரண்டு மரங்களும் பூத்தன. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. சென்னம்மாளிடம் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் வெட்டவா சொன்னேன்? ஆண் பூவோட தூளு படாம பெண் பூ எப்படிங்க காயாகும்?"

திட்டியவளே அடுத்த நாள் காலை, தன் தோட்டத்து ஆண் பூக்களை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தாள். கொட்டச்சேட்டில் பஸ் நிற்கும் பத்து நிமிஷத்தில் மரியஜோசப் வீட்டுக்கு ஓடினார். காக்கிச் சட்டையோடு ஸ்டூலில் ஏறி, ஒவ்வொரு பெண் பூவிலும் ஆண் பூவைத் தொட்டுத் தடவினார். மனைவி இன்பமேரி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

காய் பிடித்தது. ஆனால் வளர வளர மேடும் பள்ளமுமாய்க் கோணிக்கொண்டு, தோலில் பால் கசிந்தது. நோய் என்று பயந்தவர், பஸ்ஸில் வந்த விவசாய ஆபீசர் அங்கப்பனிடம் ஒரு காயைக் காட்டினார்.

"நோயில்லீங்க. போரான் சத்து கம்மி. மரத்துக்கு ஒரு டீஸ்பூன் வெங்காரம், ஒரு வாளித் தண்ணியில கரைச்சு ஊத்துங்க. கூடிருச்சுன்னா மரம் கருகிரும். இந்தக் காய் இனித் திருந்தாது, அடுத்ததுதான் நல்லா வரும்."

நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி வந்தார். இன்பமேரி பிரித்துப் பார்த்தாள்.

"கொழந்தைக வாய்ப்புண்ணுக்குத் தடவுறதுதானுங்களே இது?"

சீக்கிரம் குணமாகட்டும் என்று அவர் கைநிறைய அள்ளப் போனார். அவள் பொட்டலத்தைப் பிடுங்கி, தானே ஸ்பூனால் அளந்து போட்டாள். கோணல் காய்களைக் கூட்டு வைத்தாள். குறை சொல்லாமல் இரண்டு பேரும் ஒரு மாதம் சாப்பிட்டார்கள்.

சென்னம்மாள் மேலும் இரண்டு தடவை பூ கொண்டுவந்தாள். அடுத்து வந்த காய்கள் வழவழவென்று திரண்டன. முதலில் பழுத்ததை மரியஜோசப் பஸ்ஸிலேயே அறுத்து, பெரிய துண்டை அவளிடம் நீட்டினார்.

"எப்படி இருக்குதுங்க?"

அவள் நிதானமாக மென்றாள். "இனிப்பு கொஞ்சம் கம்மிதானுங்க. இந்தக் குளுருக்கு இதுவே நொம்ப ஜாஸ்தி."

அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. பிசுபிசுத்த கையோடு விசிலை எடுத்து ஊதினார்.