பத்து விநாடி அய்யம்மாள்

கருத்தையாவின் மனைவி அய்யம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்தது எண்பத்தொன்பதில். அவளுக்கென்று ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. ராஜபாளையத்தில் மில் வேலை. ஷிப்டு முடிந்தால் தூக்கம். ஸ்டுடியோவுக்குப் போவதை இருவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த ரத்தினத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போனபோது, அவர் மகள் ஜெயபாயின் கல்யாண வீடியோ ஓடியது. பந்தியில் சாம்பார் வாளியோடு அய்யம்மாள் வந்தாள். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்க, முகத்தைச் சுளித்துச் சிரித்து ஏதோ சொன்னாள். வீடியோவில் சேர்த்திருந்த சினிமாப் பாட்டில் அது கேட்கவில்லை. பத்து விநாடிதான்.

அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு கருத்தையா பஸ் ஏறிவிடுவார். ரத்தினம் டெக்கில் கேசட்டைப் போடுவார். அந்த இடம் வந்ததும் நிறுத்துவார். நிறுத்தி நிறுத்தியே அவள் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

“இனி ஓட்டுனா நாடா அறுந்துரும்லே,” என்றார் ரத்தினம், தொண்ணூற்றெட்டில். “கம்ப்யூட்டர்ல படமா பிடிச்சுக் குடுக்காவளாம்.”

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நசீமா, அந்தச் சிரிப்பைப் படமாகப் பிடித்தாள். பிடித்த கையோடு நாடா சிக்கி நைந்துபோனது. கோடுகளை அழித்துத் தருவதாக அவள் சொன்னதால் ராஜபாளையத்துக்கு வெறுங்கையோடு திரும்பிய கருத்தையா மறுநாளே வந்து நின்றார்.

கோடுகள் எல்லாம் போயிருந்தன. அய்யம்மாள் பளிச்சென்று சிரித்தாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“யம்மா, கன்னத்துல ஒரு தழும்பு இருக்குமே?”

நசீமாவின் முகம் வாடியது. “கறைன்னு நெனச்சுத் துடைச்சிட்டேன்யா. துடைக்காத படத்தையும் எடுத்து வைக்கல. எங்கனன்னு காட்டுங்க, போட்டுருதேன்.”

தலைதீபாவளிக்கு முறுக்கு சுடும்போது அவள் கன்னத்தில் எண்ணெய் தெறித்தது. சுட்ட புண் ஆற, பேனா மையைப் பூசிவிட்டவர் அவர்தான்.

“இங்க... இல்லம்மா, செத்த கீழ.” விரல் காதுப்பக்கம் நகர்ந்தது, திரும்பி வந்தது, அப்படியே நின்றது. “எனக்கே தெரியலையேம்மா.”

நசீமா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “கண்ண மூடிக்கிட்டு, அன்னைக்குப் பூசுன மாதிரி பூசுங்க.”

கருத்தையா கண்ணை மூடி, எதிரே அவள் உட்கார்ந்திருப்பதுபோல் கையை நீட்டினார். கை ஓரிடத்தில் தயங்கி நின்றது. அங்கேயே நசீமா தழும்பை வைத்தாள்.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று ரத்தினம் வந்திருந்தார்.

“இப்படித்தான இருந்துச்சு?” என்று கேட்டார் கருத்தையா.

“இப்படியேதான்லே இருந்துச்சு.”

ரத்தினத்துக்கு நிஜமாகவே ஞாபகம் இருந்ததா என்று கருத்தையா கேட்டுக்கொள்ளவில்லை.